பஸ் டிரைவர் முகம் தெரிந்த கேமரா

2009-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. அப்போது குளச்சலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கு விசா பேப்பர் பிரிண்ட் எடுப்பது, ஸ்கேன் செய்வது, பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பது என்று எல்லாம் நடக்கும். "ரெண்டு காதும் தெரியணும், பல்லக் காட்டப்பிடாது" என்று ஊரில் உள்ள பாதி ஆண்பிள்ளைகளை நான் அதட்டியிருக்கிறேன். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

என் தம்பி விமானப்படையில் விமானி. வெறும் விமானி இல்லை. ஒன்பது விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி சேர்ந்து பறந்து குட்டிக்கரணம் போடுமே, அந்தச் சாகசக் குழுவில் ஒருவன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கடையில் யாராவது இரண்டு காப்பி எடுக்க வந்தால்கூட மூன்றாவது நிமிடம் பேச்சு என் தம்பியிடம் வந்துவிடும். எங்கள் வீட்டில் அத்தனை பேரும் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். தரையை விட்டு மேலே போனவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் அவன் பறப்பதை எங்கள் அம்மா மட்டும் பார்த்ததே இல்லை. பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போன காலத்திலேயே அம்மா கரையில் நின்று கடலைப் பார்க்க மாட்டார். மற்ற பெண்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்து யார் வள்ளம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா வீட்டுக்குள் ஏதாவது வேலை செய்துகொண்டே இருப்பார். வள்ளம் கரை ஏறிவிட்டது என்று யாராவது வந்து சொன்ன பிறகுதான் கரைக்குப் போவார். தம்பி விஷயத்திலும் அதே கதைதான். டிவியில் விமானம் காட்டினால் அடுக்களைக்குப் போய்விடுவார். வீட்டுக்கு மேலே ஏதாவது விமானம் போகும் சத்தம் கேட்டாலே தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொள்வார். அது துபாய்க்குப் போகிற விமானமாக இருந்தாலும் சரி.

அந்த வருடம் தம்பியின் குழு திருவனந்தபுரம் கடற்கரையில் சாகசம் காட்டப் போவதாகத் தகவல் வந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அவன் பறப்பது அதுதான் முதல் தடவை. அந்த சீசனோடு குழுவை விட்டு வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னான். அதனால் அம்மாவை எப்படியாவது கூட்டிப் போய்விட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா அசையவில்லை.

"நான் வரமாட்டேன். அவன் எறங்கின பொறவு ஒரு படம் கொண்டாந்து காட்டு, பாக்குதேன்" என்றார்.

"படத்துக்கா பஞ்சம்? பேப்பர்ல வந்த படமெல்லாம் வெட்டி வச்சிருக்கேனே."

"அதுல என்னட்டி இருக்கு? பொகையும் கோடும்! அதுக்க உள்ள எனக்க பிள்ளை இருக்கது தெரியுதா? அவன் தெரியணும். அப்படி ஒண்ணு உண்டுமானா கொண்டா."

சரிதான் என்று பட்டது. வெட்டி வைத்திருந்த எல்லாப் படத்திலும் விமானங்கள் சின்னச் சின்னதாக, எது யாருடையது என்றே தெரியாமல் இருந்தன. விமானத்துக்குள் தம்பி இருப்பது தெரிகிற மாதிரி ஒரு படம். அம்மா கேட்டது அவ்வளவுதான். அதை நானே எடுத்துவிடுகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஊரில் எத்தனை பேர் முகத்தை எடுத்திருக்கிறேன், என் தம்பி முகத்தை எடுக்க முடியாதா?

என் கணவர் அப்போது கல்ஃபில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், ஊருக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் கையில் சட்டைப்பையில் போடுகிற அளவில் பளபளவென்று ஒரு கேமரா கொடுத்து அனுப்பினார். போனில் அவருக்கு ஒரே பெருமை.

"பத்து மெகாபிக்சலாக்கும்! இங்கயே இப்பதான் கடைக்கு வந்திருக்கு."

எடுத்துப் பழக விமானத்துக்கு நான் எங்கே போவேன்? குளச்சலில் பறப்பவை பருந்துகள்தான். காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அவை வட்டமிட்டு வந்து கழிவு மீனைக் கொத்திக்கொண்டு போகும். கேமராவை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பருந்து இறங்கும்போது பொத்தானை அழுத்தினேன். கேமரா ஒரு மூச்சு யோசித்துவிட்டு 'கிளிக்' என்றது. படத்தில் வானம் இருந்தது. பருந்து இல்லை. மறுபடி எடுத்தேன், வால் இருந்தது. காலை முழுவதும் எடுத்தும் ஒரு முழுப் பருந்து சிக்கவில்லை. ஏலத்துக்கு வந்திருந்த பெண்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

"ஏட்டி, பருந்துக்கும் பாஸ்போர்ட் எடுக்கியா? அதுக்குக் காது தெரியாதே!" என்று ஒருத்தி சொல்ல, கரை முழுக்கச் சிரிப்பு. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது.

கணவரிடம் சொன்னேன். "பத்து மெகாபிக்சல்ல காலி வானம் எனக்கு எதுக்கு?" அவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, "சரி, ஒனக்குப் பிடிச்சதை நீயே பாத்து வாங்கு" என்றார். அது போதுமே எனக்கு.

நாகர்கோவிலில் பெரிய ரோட்டை ஒட்டி ஒரு கேமரா கடை. உள்ளே போனதும் கடைக்காரத் தம்பி சிரித்த முகமாகக் கேட்டார்.

"என்னத்துக்குக்கா? கல்யாண வீட்டுக்கா, பிள்ளையளுக்க பொறந்த நாளுக்கா?"

"பிளேன் எடுக்கதுக்கு."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெகாபிக்சல் கணக்கை ஆரம்பித்தார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கடைக்கு வெளியே பஸ்கள் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னிடம் விமானம் இல்லை, ஆனால் பஸ் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் இருக்கிறார். வேகமாக வருகிற பஸ்ஸில் டிரைவர் முகம் தெரிந்தால், வேகமாக வருகிற விமானத்தில் என் தம்பி முகமும் தெரியும்.

"கேமராவ வெளிய கொண்டு வாங்க. ஒவ்வொண்ணா பஸ் டிரைவர எடுத்துப் பாக்கணும்" என்றேன்.

"அக்கா, கடையில நின்னே பாக்கலாமே. சொவர்ல மாட்டியிருக்க படத்த எடுத்துப் பாருங்க, என்னா தெளிவு!"

"சொவரு பறக்குமா?"

அவர் வேறு வழியில்லாமல் கேமரா வாரை என் கழுத்தில் மாட்டிவிட்டு என் பின்னாலேயே நடைபாதைக்கு வந்தார். நான் கேமராவோடு ஓடிவிடுவேனோ என்ற பயமும் இருந்திருக்கும்.

முதலில் தந்தது நீளமாக இழுத்துப் பார்க்கிற ரகம். தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பர் பலகைகூடப் பக்கத்தில் தெரிந்தது. கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு என்று நினைத்தேன். ஆனால் கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் இருந்தது ஒரு சின்ன டிவி. ஒரு படம் எடுத்ததும் அது ஒரு கணம் இருண்டுவிடும். மறுபடி வெளிச்சம் வரும்போது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரியும். இரண்டாவதும் அதே ரகம்தான். வெயிலில் அதன் பின்பக்கத் திரையில் என் மூக்கு தெரிந்ததே தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

மூன்றாவதாகக் கல்யாண வீட்டுக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பெரிய கேமராவைத் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். லென்சைக் கழற்றி மாட்டலாம். கனமாக இருந்தது. அதில் நீளமான லென்ஸ் ஒன்றைப் பொருத்தித் தந்தார். கண்ணை வைத்தேன். டிவி இல்லை, நேராக ரோடே தெரிந்தது. பஸ் வந்தது. அதோடு சேர்ந்து நானும் மெதுவாகத் திரும்பிக்கொண்டே அழுத்தினேன். யோசிக்கவே இல்லை, அழுத்திய அந்தக் கணமே டக் டக் டக் என்று எடுத்துக்கொண்டே போனது. திரையைப் பார்த்தால் டிரைவர்! மீசை தெரிகிறது, நெற்றியில் விபூதி தெரிகிறது, வாயில் எதையோ மென்றுகொண்டிருப்பதுகூடத் தெரிகிறது.

அதற்குள் எங்களைச் சுற்றிச் சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, எதற்காக பஸ்ஸைப் படம் எடுக்கிறீர்கள், புகார் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டார். கடைக்காரத் தம்பி பயந்துபோய், "இல்ல சார், அக்காவுக்கத் தம்பி பிளேன் ஓட்டுதாரு" என்றார். போலீஸ்காரருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்து வந்த ஒரு டிரைவர் கேமராவைப் பார்த்ததும் வண்டியை மெதுவாக்கி, தலையைக் கோதிக்கொண்டு சிரித்தார். அந்தப் படமும் நன்றாகவே வந்தது.

அந்தக் கேமராவைத்தான் வாங்கினேன். விலையைப் பற்றிப் பேசினால் என் கணவருக்கு இன்றைக்கும் முகம் மாறும். அதை விட்டுவிடுவோம்.

பிறகு தினமும் காலையில் ஏலக்கரைக்குப் போய்ப் பருந்துகளைக் கேமராவால் சுட்டுத் தள்ளினேன். சிறகில் உள்ள செம்பட்டை நிறம், அலகு, காலில் பிடித்த சாளை மீன் எல்லாம் பளிச்சென்று வந்தன. முன்பு கேலி செய்த பெண்களே, "எங்கள எடு மக்கா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

சாகச நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. பொதுமக்களும் பார்க்கலாம் என்பதால் ஒரு நாள் முன்பே திருவனந்தபுரம் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டேன். கடற்கரையில் நல்ல இடமாகப் பிடித்து முன்வரிசையில் நின்றேன். விமானங்கள் கடலுக்கு மேலே வந்தன. பருந்தைப் பிடித்த கைதானே, ஒன்றைக்கூட விடவில்லை. அத்தனையும் படத்துக்குள் வந்தன.

அத்தனையும் கறுப்பு. ஒன்பது காக்கைகள்!

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். என் தவறு என்ன என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊரில் வள்ளங்கள் வருவதும் ஏலம் நடப்பதும் காலையில். நான் படம் எடுத்துப் பழகியதும் காலையில். காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும். எதிரே இருப்பதெல்லாம் வெளிச்சத்தில் குளித்து நிற்கும். சாயங்காலம் அதே கடலைப் பார்த்தால் சூரியன் நேர் எதிரே. மேற்குக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கேமரா கையில் வந்ததும் மறந்துபோனது. பஸ்ஸையும் பருந்தையும் வைத்து எத்தனையோ பார்த்த நான், சூரியனைப் பார்க்கவில்லை.

தம்பி ஒரு நிமிடம் போனில் பேசினான். அழாத குறையாகச் சொன்னேன். அவன் சிரித்தான். "விடுக்கா, நாளைக்கு ஒரு தடவ இருக்குல்லா" என்றான். பிறகு, "நாளைக்கும் கடலுக்கு மேலயேதான் பறப்போம். ஆனா மொதல்ல ஊருக்குப் பின்னால இருந்துதான் வருவோம். ஒங்க தலைக்கு மேல தாண்டித்தான் கடலுக்குப் போவோம். எங்களுக்கு எடப்பக்கம் கடைசி பிளேன் நான்" என்றான்.

மறுநாள் நான் முன்வரிசைக்குப் போகவில்லை. கூட்டத்துக்கெல்லாம் பின்னால், ரோட்டோரம் இருந்த ஒரு மதில் பக்கம் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முழுக் கூட்டமும் மேற்கே பார்க்கிறது. நான் ஒருத்தி கிழக்கே, தென்னை மரங்களைப் பார்த்துக் கேமராவைத் தூக்கி நிற்கிறேன்.

"சேச்சி, விமானம் அங்ஙோட்டா! திரிஞ்ஞு நில்க்கு!" என்று, என்னைக் கடல் பக்கம் திரும்பச் சொல்லிப் பையன்கள் கத்தினார்கள். ஐஸ்கிரீம் விற்பவர்கூட எனக்குக் கடல் இருக்கும் திசையைக் கையால் காட்டினார். இவ்வளவு பெரிய கேமராவை வைத்துக்கொண்டு இவளுக்கு எது முன்பக்கம் என்றே தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான். வேறு வழியாக வந்துவிட்டால்? இதையும் விட்டுவிட்டால் அம்மாவுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் போலீஸ் என்னிடம் வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம்தான் விமான நிலையம் இருந்தது. சந்தேகம் வராமல் இருக்குமா?

"எல்லாரும் கடலிலோட்டு நோக்குந்நு. சேச்சி எந்தா இங்ஙோட்டு?"

ஏன் இந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். தம்பி வருகிறான், இந்தப் பக்கமாகத்தான் வருவான், வெயில் அவன் முகத்தில் விழும், அம்மாவுக்கு அவன் முகம் தெரிய வேண்டும்.

"அனியனாணோ?" என்று கேட்டார். உன் தம்பியா என்று. ஆமாம் என்றேன்.  உடனே அவர், எனக்கு முன்னால் குடையும் பிள்ளைகளுமாக நின்ற ஒரு குடும்பத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார். என் பக்கத்திலேயே, அவரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். போலீஸே இந்தப் பக்கம் திரும்பியதும் இன்னும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தென்னை மரங்களுக்கு மேலே முதலில் புள்ளிகள் தெரிந்தன. சத்தமே இல்லை. புள்ளிகள் அம்பு வடிவத்தில் விரிந்தன. சாயங்கால வெயில் முழுவதும் அவற்றின் மேல் விழ, அவை சிவப்பும் வெள்ளையுமாக மின்னின. அவனுக்கு இடப்பக்கம் என்றால் எதிரே நிற்கிற எனக்கு வலப்பக்கம். வலது ஓரத்துக் கடைசி விமானத்தைப் பிடித்தேன். மற்ற எட்டும் என் கண்ணுக்கே தெரியவில்லை. பஸ்ஸோடு திரும்பிய மாதிரியே அதோடு மெதுவாக நிமிர்ந்துகொண்டே அழுத்தினேன். தலைக்கு மேலே தாண்டும்போதுதான் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. கூட்டம் ஓவென்று கத்தியது.

நான் திரும்பிக் கடலைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தேன். ஒன்றில் இறக்கை வெட்டுப்பட்டிருந்தது. ஒன்று கலங்கியிருந்தது. அடுத்ததைப் பெரிதாக்கினேன். கண்ணாடிக் கூண்டு முழுக்க வெயில். உள்ளே ஹெல்மெட். முகமூடி. தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. என் தம்பி!

மதிலில் சாய்ந்துகொண்டு அழுதேன். அந்தப் பெண் போலீஸ் எட்டித் திரையைப் பார்த்துவிட்டு என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் குறைதான்.

ஊர் திரும்பியதும் காலையில் அம்மா கடைக்கு வந்தார். அம்மாவுக்கு மீன் வியாபாரம். ஏலத்தில் மீன் எடுத்து, விற்பதற்காகப் புதுக்கடை ஊர்ச் சந்தைக்கு வேன் ஏறுவதற்கு முன்னால், மீன் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அவன் எறங்கிட்டான்லா?" என்பதுதான் முதல் கேள்வி.

"எறங்கி, சாப்பிட்டு, ஒறங்கி எழும்பிட்டான். உள்ள வாங்க."

அதன் பிறகுதான் உள்ளே வந்தார். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி வைத்தேன். எனக்கு இப்போதுதான் உண்மையான பயம் வந்தது. முகமூடியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தது அந்த முகம். ஒரு காதுகூடத் தெரியவில்லை. பாஸ்போர்ட் ஆபீசில் இதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 'இதுல எங்கட்டி எனக்க பிள்ளை' என்று அம்மா கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இவந்தான். வேற ஆருமில்ல. கழுத்தப் பாரு! சாப்பிட இருத்தினா, தனக்க தட்டப் பாக்காம ஒனக்க தட்டுல எந்த மீன் துண்டு கெடக்குன்னு பாப்பான்லா? அதே பார்வையாக்கும்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு தடவை தம்பி சொல்லியிருக்கிறான், வரிசையில் பறக்கும்போது முன்னால் பார்ப்பதே இல்லை, பக்கத்து விமானத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுவோம் என்று. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"இத லேமினேஷன் பண்ணித் தா. கையில மீன் வெள்ளம் இருக்கும், நனையப்பிடாது" என்றார். அன்றைக்குப் புதுக்கடைச் சந்தையில் மீன் வாங்க வந்த ஒருவர் பாக்கியில்லாமல் என் தம்பியைப் பார்த்தார்கள். முகமே தெரியவில்லையே என்று சொன்னவர்களிடம், "கழுத்தப் பாருங்க" என்று அம்மா சண்டை போட்டாராம். தம்பியும் லீவில் வந்தபோது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க குழுவுல ஒருத்தனுக்குமே இப்படி ஒரு படம் இல்லக்கா. எல்லாவனும் எங்களுக்கப் பொகையத்தான் எடுக்கான்" என்று சொல்லி, நண்பர்களுக்குக் காட்ட நாலைந்து பிரிண்ட் வாங்கிக்கொண்டு போனான். காசு கொடுக்க வந்தவனை நான் அடிக்கப் போனேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், அம்மா முற்றத்தில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே ஒரு விமானச் சத்தம். வழக்கம்போல் தலையைக் குனிவார் என்று நினைத்தேன். குனியவில்லை. சிலுவை போட்ட கையையே கண்ணுக்கு மேலே வைத்து, கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து, அது மறைகிற வரை பார்த்தார்.

"என்ன பாக்குதிய?" என்றேன்.

"உள்ள ஒருத்தன் இருப்பான்லா? அவன் எங்கோட்டுப் பாக்கான்னு பாக்குதேன்" என்றார்.

தம்பியைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்த நான், என்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டது அந்த மத்தியானம்தான். இன்றைக்கும் எதையாவது பார்ப்பதற்குக் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் திரும்பி நின்றால், எனக்கு வேண்டியவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று ஒரு தடவை மறுபக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நிற்கிறேன்.